நெரிடா நினைவு உடனடிப் பயணக் கம்பம்

நடை என்பது மனிதகுலத்துக்கு வாய்த்த ஒரு கோளாறு. அதைத் திருத்தியவர்களுள் நானும் ஒருவன் என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொண்டு, என் காலை நேரத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஆறு இருபதுக்கு எழுகிறேன். கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிறது. டோஸ்டரில் இரண்டு துளைகள் இருப்பதால் இரண்டு ரொட்டித் துண்டுகள் போடுகிறேன். ஒன்றைத் தின்கிறேன். ஆறு நாற்பதுக்குக் கணினியைத் திறந்து, என் மனைவி நெரிடாவின் பெயரில் 'மெரோவா'வுக்குள் போகிறேன். சாம்பல்துறை என்ற மீனவர் ஊரிலிருந்து கடைசி விளக்கு என்ற கலங்கரை விளக்கம் வரை இரண்டு கிலோமீட்டர். ஆறு நாற்பத்தொன்பதுக்குப் போய்விடுவேன். கணினியை மூடுகிறேன். குளிக்கிறேன். குரோக்ஸ்டன் நிலையத்தில் ஏழு முப்பத்தொன்று ரயில். காலிங்வுட்டுக்குப் பதினோரு நிமிடம். இரண்டாவது ரொட்டி மேசையிலேயே இருக்கும். மாலையில் வந்து குப்பையில் போடுவேன்.

நெரிடா மார்ச் நான்காம் தேதி இறந்துபோனாள். வயது முப்பத்திரண்டு. மூளையில் ரத்தக் கசிவு. அப்போது அவள் நடந்துகொண்டிருந்தாள் என்பதை நடைக்கு எதிரான சான்றாக நான் இங்கே பயன்படுத்தப் போவதில்லை. அது நியாயமாக இருக்காது.

நாங்கள் இருவரும் ஒரே நிறுவனத்தில் வேலை பார்த்தோம். 'மெரோவா' எங்கள் நிறுவனம் செய்த கணினி விளையாட்டு. வாள், மந்திரம், டிராகன், காணாமல்போன இளவரசர்கள் எல்லாம் அதில் உண்டு. ஆனால் அதன் பெருமை நிலப்பரப்பில் இருக்கிறது. அறுநூற்றுப் பன்னிரண்டு சதுர கிலோமீட்டர். "எங்கும் போகலாம்!" என்பது விளம்பரம். நூற்று எழுபது பேர் ஆறு வருடம் உட்கார்ந்து புல் புல்லாக அந்த நிலத்தை உண்டாக்கினோம். பிறகு ஆட்டக்காரர்கள் அதில் ஒரு புல்லைக்கூடப் பார்க்க நேராதபடி ஒரு வசதி செய்யச் சொல்லி என்னை நியமித்தார்கள்.

அதுதான் 'உடனடிப் பயணம்'. ஊருக்கு ஒரு கம்பம். கம்பத்தைத் தொட்டால் வரைபடம் விரியும். வரைபடத்தில் வேறோர் ஊரைத் தொட்டால் திரை கறுத்து, மூன்று நொடியில் அங்கே நிற்பீர்கள். என் விடாமுயற்சியால் அது இரண்டு நொடி ஆயிற்று. அந்த ஒரு நொடிக்காக ஜூலையில் சிட்னியில் விருது கொடுத்தார்கள். கண்ணாடியில் செய்த ஒரு பாதம். கேலி செய்யும் எண்ணம் அவர்களுக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

நெரிடா 'பாதையோர வடிவமைப்பாளர்'. ஓர் ஊருக்கும் இன்னோர் ஊருக்கும் நடுவில் இருப்பவை அவள் பொறுப்பு. அதாவது அவள் செய்வதையெல்லாம் தாண்டிப்போக வழி செய்வது என் வேலை. இருவரும் ஒரே வீட்டில் சாப்பிட்டோம்.

"இன்னிக்கு என்ன செஞ்ச?" என்று கேட்பாள்.

"நாப்பது கிலோமீட்டர மிச்சம் பிடிச்சேன். நீ?"

"அந்த நாப்பதுக்குள்ள ஒரு கதவு வெச்சேன்."

"தெறந்தா என்ன கிடைக்கும்?"

"அது தெறக்காது."

"அப்புறம் எதுக்கு?"

"பூட்டின கதவு முன்னாடி ஒருத்தன் எவ்ளோ நேரம் நிப்பான்னு பாக்கணும்."

"எவனும் நிக்க மாட்டான்."

"நீ நிக்க மாட்ட. அதுக்கு மெரோவாவுல இருக்கிற மத்தவங்க என்ன பண்ணுவாங்க பாவம்?"

கிழக்கே சாம்பல்துறைப் பாதை முழுக்க அவள் கையால் ஆனது. அந்தத் திறக்காத கதவு அங்கேதான் இருக்கிறது. ஆளில்லாத குடிசை ஒன்றில் அடுப்பின்மேல் கெட்டில், மூடி ஆடிக்கொண்டிருக்கும். மூன்று கால் நாய் ஒன்று பின்னாலேயே வரும். பாலம் வந்ததும் நின்றுவிடும். அதற்கப்பால் ஒரு குன்று. குன்றின்மேல் ஒரு சுற்றுத் துணிக்கொடி. மெல்பர்னில் எந்த வீட்டுப் பின்கட்டுக்குப் போனாலும் நிற்குமே, ஒற்றைத் தூண், மேலே குடைக்கம்பிகள் மாதிரி விரிந்து காற்றில் சுற்றுமே, அதேதான். அதில் ஒரு நீலச் சட்டை.

இதற்காக மூன்று கூட்டங்கள் நடந்தன. நிறுவனத்தின் தலைவர் ட்ரென்ட் ஹார்கிரேவ்ஸ் நேரில் வந்தார்.

"நெரிடா, இது டிராகன் காலம். இந்தத் துணிக்கொடி எங்க வந்துச்சு?"

"டிராகன் காலத்துல துணி தொவைக்க மாட்டாங்களா?"

"தொவைக்கட்டும். ரெண்டு மரத்துக்கு நடுவுல கயிறு கட்டு. இது எதுக்குச் சுத்துது?"

"சுத்தணும் ட்ரென்ட். சுத்தலன்னா சரியா வராது."

"என்ன சரியா வராது?"

"போய்ப் பாருங்க."

ட்ரென்ட் போய்ப் பார்க்கவில்லை. அது இருபத்துநாலு நிமிட நடை. கூட்டக் குறிப்பில் "காலப் பொருத்தம் கருதி முடிவு ஒத்திவைக்கப்படுகிறது" என்று எழுதினார்கள். எங்கள் நிறுவனத்தில் ஒத்திவைக்கப்பட்டவை நிரந்தரமானவை. கொடி அங்கேயே நின்றது.

நாயைப் பற்றி நானே ஒரு புகார் எழுதியிருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு பிழைகளைப் பதியும் பட்டியலில், "சாம்பல்துறை நாய் பாலத்தோடு நின்றுவிடுகிறது. சரி செய்யவும்" என்று பதிந்தேன். அடுத்த மேசையில் உட்கார்ந்திருந்தவள் பட்டியலிலேயே பதில் எழுதினாள்: "பிழை இல்லை. மெதுவாகப் போகவும்." வேலை நேரத்தில் நகைச்சுவை எனக்குப் பிடிக்காது. அதை அப்படியே விட்டுவிட்டேன்.

இனி இவ்வருடத்துக்கு வருகிறேன்.

மெரோவா மிகவும் பெருத்துவிட்டது என்று புகார்கள் வந்தன. 'ஆழ்கடல்' என்று புதிய பகுதி வேறு சேர வேண்டும். எதையாவது வெட்டியாக வேண்டும். எதை வெட்டலாம் என்று முடிவு செய்ய அக்டோபர் முதல் வாரத்தில் 'நடைப் பயன் ஆய்வுக் குழு' நியமிக்கப்பட்டது. நடப்பதால் ஏதேனும் பயன் உண்டா என்ற, மனிதன் இரண்டு காலில் நின்ற நாள்முதல் தீராத கேள்விக்கு அது வெள்ளிக்கிழமைக்குள் விடை காண வேண்டும். ட்ரென்ட் தலைவர். எண்களைக் கவனிக்கும் டெஸ்பினா, மனிதவளத் துறை கெய்லீன், உடனடிப் பயணத்தின் சார்பில் நான் ஆகியோர் உறுப்பினர்கள். நடையின் சார்பில் பேச வேண்டியவரின் இடம் மார்ச் முதல் காலியாக இருந்ததால், அந்த நாற்காலியில் லாமிங்டன் கேக் தட்டை வைத்திருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை 'உலாவு' அறையில் கூடினோம். எங்கள் கூட்ட அறையின் பெயர் அது. அதில் நாற்காலிகள் தரையோடு திருகப்பட்டவை.

முதல் அரை மணி நேரம் 'பயன்' என்றால் என்ன என்று வரையறுத்தோம். பாதையின் முடிவில் கைக்குக் கிடைப்பது பயன். வாள் பயன். புள்ளிகள் பயன். மாதம் நூறு பேராவது நடக்காத பாதை 'செயலற்ற நிலம்'. அதை நீக்கலாம். எல்லோரும் கையைத் தூக்கினோம்.

பிறகு டெஸ்பினா நடமாட்ட வரைபடத்தைத் திரையில் போட்டாள். ஆட்டக்காரர்களின் கால் எங்கெல்லாம் பட்டதோ அங்கெல்லாம் சிவப்பாகத் தெரியும். அறுநூற்றுப் பன்னிரண்டு சதுர கிலோமீட்டரும் சாம்பல் நிறம். ஊர் இருக்கும் இடங்களில் மட்டும் சிவப்புப் புள்ளிகள். புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே கோடே இல்லை. என் பணிவாழ்வின் வெற்றியை ஒரே படத்தில் பார்த்தேன்.

கிழக்கு மூலையில் மட்டும் ஒரு கோடு. தடித்த, கருஞ்சிவப்புக் கோடு.

ட்ரென்ட் எழுந்து நின்றுவிட்டார். நாற்காலியைப் பின்னால் தள்ளப் பார்த்தார், அது நகரவில்லை.

"யப்பா! நடக்கிறாங்க! நம்ம ஜனங்க நடக்கிறாங்க பாரு! எந்தப் பாதை இது?"

"சாம்பல்துறை," என்றாள் டெஸ்பினா. "ஆனா ட்ரென்ட்..."

"அங்க செருப்புக் கடை போடு! 'நடைப் பயணி' சிறப்புப் பதிப்பு! சிவப்புல ஒண்ணு, கறுப்புல ஒண்ணு. நடக்கிறவன் வேற என்ன வாங்குவான்? தொப்பி! தொப்பியும் போடு!"

"ஒரு நிமிஷம் கேளுங்க. இந்தப் படம் எத்தன தடவன்னுதான் காட்டும். எத்தன பேருன்னு காட்டாது."

"சரி, எத்தன பேரு?"

"ஒருத்தர்."

ட்ரென்ட் உட்கார்ந்தார்.

"ஒரே ஆளா இவ்ளோ செவப்பு?"

"நூத்தித் தொண்ணூத்தெட்டு நாளு. ஒரு நாள் விடாம."

"யாருப்பா அந்தப் பைத்தியம்? பேரு என்ன?"

டெஸ்பினா திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"நெரிடா," என்றாள்.

"எந்த நெரிடா? நம்ம நெரிடாவா?"

"ஆமா."

"அவதான் இல்லயே."

"இல்ல. ஆனா இன்னிக்குக் காலைல ஆறு நாப்பதுக்கு உள்ள வந்திருக்கா."

கெய்லீன் தன் கோப்பைப் புரட்டினாள். "வேலையில இல்லாதவங்க பணியாளர் கணக்குல உள்ள வரக் கூடாது. விதி பதினாலு."

"கெய்லீன், அவ செத்துட்டா," என்றாள் டெஸ்பினா.

"அவங்களுக்கும் சேத்துத்தான் அந்த விதி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் லாமிங்டனைப் பார்த்தேன். எங்கள் ஊரில் துக்கத்துக்கு மிகுந்த மரியாதை உண்டு. யாருக்காவது துக்கம் என்று தெரிந்தால் உடனே பேச்சை மாற்றிவிடுவோம். ட்ரென்ட், "இந்த வாரம் மழை வரும்போல," என்றார். கெய்லீன், "சனிக்கிழம வருதாம்," என்றாள்.

டெஸ்பினாவுக்கு மட்டும் எண்களைப் பாதியில் விட வராது. நல்ல பெண். இறுதிச் சடங்கில் எனக்குப் பக்கத்தில் நின்று, எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று எண்ணிச் சொன்னவள்.

"இன்னொண்ணும் இருக்கு," என்றாள். "இது நடைக் கணக்குலயே வராது."

"ஏன்?"

"நடக்கல. ஓடியிருக்கு. ஓட்டப் பொத்தான விடவே இல்ல. இருவத்துநாலு நிமிஷப் பாதைய ஒம்போது நிமிஷம். எல்லா நாளும் ஒம்போது நிமிஷம்தான்."

இவ்வாறாக, மெரோவாவின் மொத்த நடையாளர் எண்ணிக்கை ஒன்றிலிருந்து பூஜ்ஜியமாகத் திருத்தப்பட்டது. சாம்பல்துறைப் பாதையை வெள்ளிக்கிழமை நண்பகலில் நீக்குவதென்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஒருமனதில் என் மனமும் அடக்கம். உடனடிப் பயணத்தின் தலைவன் ஒரு பாதைக்காகக் கையைத் தூக்கினால் அது முரண்பாடு. கூட்டம் முடிந்து கழிப்பறைக்குப் போய் ஒன்பது நிமிடம் நின்றேன்.

வியாழக்கிழமை வீட்டுக்கு ஒரு கடிதம் வந்தது. உறையில் நெரிடாவின் பெயர்.

"அன்புள்ள நெரிடா,

தங்கள் பணிக்காலம் மார்ச் 4 அன்று நிறைவடைந்தது. தங்கள் பங்களிப்புக்கு நன்றி. எனினும், அதன் பின்னர் தாங்கள் நிறுவனத்துக்குச் சொந்தமான நிலத்தில் முந்நூற்றுத் தொண்ணூற்றாறு கிலோமீட்டர் தூரம் சென்றிருப்பது எங்கள் கவனத்துக்கு வந்துள்ளது. தங்களுடைய தற்போதைய நிலையில் இவ்வாறு நடமாடுவது விதி 14-க்குப் புறம்பானது. வெள்ளி நண்பகலுக்குள் நடமாட்டத்தை நிறுத்திக்கொள்ளுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறோம். தங்கள் உடல்நலம் எங்களுக்கு முக்கியம்.

இப்படிக்கு, கெய்லீன், மனிதவளத் துறை."

கெய்லீனைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"கடிதம் வந்துச்சு."

"ஐயோ கிளெம், அது தானா போறது. நான் எழுதல. கீழ என் பேரு மட்டும் தானா விழும்."

"அவ பேருக்கு வந்திருக்கு."

"அவ கணக்குத்தான."

"பதில் எழுதணுமா?"

"எழுதலன்னா ரெண்டாவது ஒண்ணு போகும். அது கொஞ்சம் காரமா இருக்கும்."

"என்னன்னு எழுத?"

பின்னால் அவள் வீட்டுத் தொலைக்காட்சியில் கால்பந்து ஓடியது.

"சாப்புடுறியா நீ?" என்றாள்.

"ரொட்டி."

"எத்தன?"

"ஒண்ணு."

"ஒரு ரொட்டி சாப்பாடாடா? ரெண்டாவது தின்னு. ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வா, பார்பிக்யூ போடுறோம். பேச வேணாம். சும்மா வந்து நில்லு."

மனிதவளத் துறை எனக்குப் பிறப்பித்த ஆணைகளில் ரொட்டி பற்றியது அது ஒன்றே. குறித்துக்கொண்டேன்.

அதற்கு முன், அன்று மாலை அலுவலகத்தில், ட்ரென்ட் என் மேசைக்கு வந்து விளிம்பில் உட்கார்ந்தார்.

"நண்பா," என்றார்.

எங்கள் ஊரில் 'நண்பா' என்பது நட்பைக் குறிக்கும் சொல் அல்ல. நண்பர்களை நாங்கள் கெட்ட வார்த்தையில்தான் கூப்பிடுவோம். மேலதிகாரி 'நண்பா' என்றால் நம்மிடமிருந்து ஏதோ போகப்போகிறது.

"நெரிடாவுக்கு ஏதாவது செய்யணும்னு எனக்கு மனசுல இருந்துக்கிட்டே இருந்துச்சு. இப்பதான் தோணிச்சு. பாதை போகுதுல்ல? அந்த எடத்துல அவ நினைவா ஒரு கம்பம்."

"என்ன கம்பம்?"

"உன் கம்பம்தான்! உடனடிப் பயணக் கம்பம். சாம்பல்துறையில தொட்டா நேரா கடைசி விளக்கு. ரெண்டே நொடி. அவ பேருல."

"நடுவுல?"

"நடுவுல ஒண்ணும் இருக்காது. சுத்தமா இருக்கும்."

"அவ செஞ்சதே நடுவுல இருக்கிறதுதான் ட்ரென்ட்."

"அதான் நண்பா, அதான். அவ செஞ்ச எல்லாத்தயும் கடந்து ஜனங்க போவாங்க. தினமும் ஆயிரக்கணக்குல. இதவிட என்ன மரியாத வேணும்?" அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது. "போய்ச் சேர்ற அந்த ரெண்டு நொடி திரை கறுப்பா இருக்கும்ல? அதுல வெள்ளை எழுத்துல ஒரு வாசகம். அவ கடைசியா சொன்ன வார்த்தை. 'பயணமே இலக்கு'ன்னு சொல்லுவாளே."

"சொன்னதில்ல."

"சொல்லியிருப்பா. அந்த மாதிரி ஆளுதான அவ. சரி, நீயே குடு. நாப்பது எழுத்துக்குள்ள இருக்கணும். நாளைக்கு நண்பகல்."

நெரிடாவின் கடைசி வார்த்தைகள் இதுவரை நான்கு வெளிவந்திருக்கின்றன. பல்லாரட்டில் இருக்கும் அவள் அம்மாவின் பதிப்பில், "அம்மாவப் பாத்துக்கோங்க" என்றாள். அப்போது அம்மா நூறு கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தார். இறுதிச் சடங்கை நடத்தியவர், அவள் இயற்கையிடம் "நன்றி" சொன்னதாகக் கூறினார். நிறுவனத்தின் இரங்கல் அஞ்சலில் "எங்கும் போகலாம்" என்றாள். நான்காவது ட்ரென்டுடையது. நான்கும் நாற்பது எழுத்துக்குள்தான் இருக்கின்றன. எதையும் அவள் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை. ஆறு இருபதுக்கு எழுந்தேன். கெட்டில். இரண்டு ரொட்டி. ஒன்றைத் தின்றேன். மனிதவளத் துறையின் ஆணைப்படி இரண்டாவதைக் கையில் எடுத்துக்கொண்டு கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

ஓட்டப் பொத்தானை இடதுகைச் சுண்டுவிரலால் அழுத்த வேண்டும். இடது கையில் ரொட்டி இருந்தது. முன்னால் போக வலது கை போதும். ஆகவே நடந்தேன். வேறு காரணம் எதையும் இதில் தேட வேண்டாம்.

கதவுக்கு முன்னால் வந்தேன். ரொட்டியைக் கடிக்க நின்றேன். உள்ளே யாரோ நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது. நூற்றுக்கணக்கான நாள் தாண்டிப் போயிருக்கிறேன், கேட்டதில்லை. குடிசையில் கெட்டில் மூடி ஆடியது. நாய் வந்தது. பின்னாலேயே வந்தது. பாலம் வந்தது. நாய் பாலத்தின் முதல் பலகையில் முன்னங்காலை வைத்தது. மூன்று காலால் பலகை பலகையாகத் தாவியது. நான் ஓடியபோதெல்லாம் அது ஆறேழு பலகைகூடத் தாண்டும் முன்னால் நான் குன்றின்மேல் இருந்திருப்பேன். துணைக்கு ஆள் இல்லாததால் திரும்பியிருக்கும். பிழை இல்லை. மெதுவாகப் போகவும்.

நாய் என்னை முந்திக்கொண்டு குன்றேறியது. துணிக்கொடிக்குக் கீழே போய், நீலச் சட்டையின் நிழலில் படுத்தது. காற்று அடித்தது. கொடி சுற்றியது. சட்டையும் நிழலும் நகர்ந்தன. நாய் எழுந்து நிழலுக்குள் போய்ப் படுத்தது. கொடி மறுபடி சுற்றியது. நாய் மறுபடி எழுந்தது. கயிறு கட்டியிருந்தால் இது நடந்திருக்காது. அது சுற்ற வேண்டும்.

குழுவின் பார்வைக்காகக் குறிப்பிடுகிறேன்: வாள் கிடைக்கவில்லை. புள்ளிகள் பூஜ்ஜியம். ஏழு முப்பத்தொன்று ரயில் போய்விட்டது.

அடுத்த ரயிலுக்கு இருபது நிமிடம் இருந்தது. நிலையத்தில் நிற்காமல் மெரி ஓடைப் பக்கம் இறங்கினேன். தினமும் அவள் வேலைக்கு வந்த வழி. அக்டோபரில் அந்தப் பக்கம் மேக்பை பறவைகள் குஞ்சு வைத்திருக்கும். நடப்பவர்கள் தலையில் ஐஸ்க்ரீம் டப்பாவைக் கவிழ்த்துக்கொண்டு போவார்கள். எனக்கு அது மறந்துபோயிருந்தது. முதல் அரை கிலோமீட்டரிலேயே ஒன்று வந்து காதில் கொத்தியது. டப்பா போட்ட ஒரு பெரியவர் தன் நாயோடு எதிரே வந்தார்.

"புதுசா இந்தப் பக்கம்?" என்றார்.

"ஆமா."

"தலைக்கு ஒண்ணும் போடலயா?"

"மறந்துட்டேன்."

"ஓடாத. ஓடினாத்தான் தொரத்தும்."

பறவைகள்கூட உடனடிப் பயணத்துக்கு எதிரானவை என்று தெரிந்துகொண்டேன்.

ரயில் பாலம் ஒன்று ஓடைக்கு மேலே போகிறது. அதன் கீழேதான் அவள் விழுந்தாள். நாயோடு வந்த யாரோ பார்த்துச் சொன்னார்கள். ஒன்பது வருடமாக நான் தினமும் அந்தப் பாலத்தின்மேல் போகிறேன். கீழே ஒரு பாதை இருப்பது தெரியும். அது எப்படியிருக்கும் என்று தெரியாது. ஈரமாக இருந்தது. சோம்புச் செடிகள் நிறைய இருந்தன. கொஞ்ச நேரம் நின்றேன். தலைக்குமேல் ஒரு ரயில் போனது. மார்ச் நான்காம் தேதி அவள் இங்கே வந்து சேர்ந்த நேரத்தில் நான் 'உலாவு' அறையில் இருந்தேன். மூன்று நொடியை இரண்டு நொடியாகக் குறைக்கும் கூட்டம். அது எட்டு மணிக்கு. என் கைபேசியை அணைத்து வைத்திருந்தேன். நடுவில் எதுவும் குறுக்கிடக் கூடாது என்பது எங்கள் துறையின் கொள்கை.

அலுவலகம் போய்ச் சேர ஒரு மணி ஏழு நிமிடம் ஆயிற்று. காதில் ரத்தம். டெஸ்பினா ஒரு டிஷ்யூவைக் கொடுத்தாள். பிறகு, "இன்னிக்கு நாப்பத்தாறு நிமிஷம்," என்றாள்.

"எது?"

"சாம்பல்துறை. ஓட்டப் பொத்தான் அழுத்தவே இல்ல." அவள் திரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நடையாளர் எண்ணிக்கைய ஒண்ணுன்னு திருத்திட்டேன். அறிக்கைல போயிடுச்சு. ஒண்ணும் மாறாது. ஆனா பூஜ்ஜியம் இல்ல, ஒண்ணு."

நண்பகலுக்கு ஐந்து நிமிடம் முன்பு வாசகத்தை ட்ரென்டிடம் கொடுத்தேன். ஒரு தாளில் எழுதியிருந்தேன். அவர் படித்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"நண்பா, இது கேள்வி மாதிரி இருக்கே."

"கேள்விதான்."

"இதையா கடைசியா சொன்னா?"

"இதைத்தான்."

"பேச்சு மாதிரியே இருக்கு. கொஞ்சம் திருத்தி..."

"வேணாம்."

"நாப்பது எழுத்துக்குள்ள வருதா?"

"வருது."

"அப்ப சரி," என்றார். விதிக்கு உட்பட்ட எதையும் எங்கள் நிறுவனம் தடுப்பதில்லை.

பன்னிரண்டு மணிக்குப் பாதை போயிற்று. கதவு, குடிசை, கெட்டில், பாலம், குன்று, கொடி, சட்டை. நீக்க ஆன நேரம் இரண்டு நொடி. அந்தக் கருவியும் என்னுடையதுதான். நன்றாக வேலை செய்கிறது. நாய் மட்டும் போகவில்லை. அதன் பெயர் பாதையின் பட்டியலில் இல்லை. என் புகாரால் பிழைகளின் பட்டியலில் இருந்தது. பிழைகளை எங்கள் நிறுவனத்தில் யாரும் நீக்குவதில்லை. இப்போது கம்பத்தடியில் நிற்கிறது. தொடுகிறவர்கள் பின்னால் மூன்று காலால் இரண்டு தாவு தாவும். அதற்குள் அவர்கள் போய்விடுவார்கள்.

நெரிடா நினைவுக் கம்பம் மாபெரும் வெற்றி. முதல் வாரத்தில் நான்கு லட்சம் பேர் தொட்டார்கள். நடப்பதால் பயனில்லை என்ற குழுவின் முடிவு அறிவியல்பூர்வமாக உறுதியாயிற்று. சில புகார்கள் வரத்தான் செய்தன. கம்பம் மரியாதையில்லாமல் பேசுகிறது என்று பெர்த்திலிருந்து ஒருவர். என்ன பதில் சொல்வது என்று தெரியாமல் கம்பத்தடியிலேயே நிற்பதாக ஆக்லாந்திலிருந்து ஒரு பெண். அவருக்கு, இது பதில் எதிர்பார்க்கும் கேள்வி அல்ல, மேற்கொண்டு பயணிக்கலாம் என்று நிறுவனத்தின் சார்பில் நானே எழுதினேன். அது பொய்.

வாசகம் வந்த விதத்தை மட்டும் பதிவு செய்து முடிக்கிறேன். மார்ச் நான்கு, காலை ஏழு இருபது. நாங்கள் இருவரும் ஒரே அலுவலகத்துக்குத்தான் கிளம்பினோம். எனக்கு எட்டு மணிக்குக் கூட்டம். ரொட்டியை வாயில் கவ்விக்கொண்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசல் கதவைத் தள்ளி ஓடினேன். அவள் படியில் உட்கார்ந்து ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை. நான் திரும்பிப் பார்க்கவில்லை, காதில்தான் விழுந்தது.

"அப்படி அவசரமா எங்கதான்டா போற?"